முகம் தெரியாத படம்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. பாங்க்கில் கூப்பிடும்போது மட்டும் அது வெளியே வரும். மற்றபடி தெருவுக்கே அவள் கத்திரி. சின்னவர்களுக்குக் கத்திரி அக்கா. மருந்துக் கடைக்கும் போன் ரிப்பேர் கடைக்கும் நடுவில் ஒடுங்கி நிற்கிற சின்ன பார்லர் அவளுடையது. ஒரு சுழல் நாற்காலி, தலை கழுவ ஒரு தொட்டி, காத்திருப்பவர்களுக்கு ஒரு மரப்பெஞ்சு. பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. உட்காருகிறவர்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் வாரப்பத்திரிகை படிக்க வேண்டும். அவள் வீட்டுக்காரர் ஊரில் உள்ள ஃபிரிட்ஜையெல்லாம் பிரித்து மாட்டுகிற மெக்கானிக். ஆனால் சொந்தப் பெண்டாட்டி கடைப் பெஞ்சுக்கு ஒரு கட்டை வைத்து அடிக்க அந்த மனுஷனுக்கு இன்றுவரை நேரம் கிடைக்கவில்லை.

முடி வெட்ட உட்கார்ந்தால் பெண்களுக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும். கண்ணாடியைப் பார்த்துப் பேசுவதால் எதிராளியின் கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை, அதனால் இருக்கலாம். மாமியார் கொடுமை, மகன் காதலிக்கிற பெண், வேலையை விட்டுவிடலாமா என்ற யோசனை, எல்லாம் அந்த நாற்காலியில் வந்து கொட்டும். கத்திரியும் சும்மா கேட்டுக்கொண்டிருக்கிற ரகம் இல்லை. "நீ ஏன் வாயை மூடிக்கிட்டு நின்னே? நானா இருந்தா நாலு வார்த்தை நல்லா கேட்டிருப்பேன்" என்று எகிறுவாள். ஆனால் கேட்டது எதுவும் வாசலைத் தாண்டாது. வெட்டிய முடியைப் பெருக்கித் தள்ளும்போதே பேச்சையும் பெருக்கித் தள்ளிவிடுவாள்.

வீட்டுக்காரர் எத்தனையோ முறை தூண்டில் போட்டுப் பார்த்திருக்கிறார்.

"மாடி வீட்டுக்காரி கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டாளாமே? போறதுக்கு முன்னாடி உன்கிட்டதானே வந்தா?"

"வந்தா. முடி வெட்டினேன். போனா."

"ஒண்ணுமே சொல்லலையா?"

"சொன்னாளே. முன்பக்கம் கொஞ்சம் குட்டையா வெட்டச் சொன்னா."

"உன் வாயிலேருந்து ஒரு சேதி வாங்கறதுக்குள்ள ஒரு ஏசியைக் கழட்டி மாட்டிடலாம்டி" என்று அவர் தலையில் அடித்துக்கொள்வார்.

இப்படிப்பட்டவள்தான் அந்தக் காரியத்தைச் செய்தாள். வேறொருத்தி செய்திருந்தால் கத்திரியே நிற்கவைத்துக் கிழி கிழியென்று கிழித்திருப்பாள்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு விக் பட்டறையில் வேலை பார்த்தவள். தலை வடிவத்தில் ஒரு மெல்லிய வலை, கொக்கி வைத்த ஊசி, ஒரு தடவைக்கு இரண்டு மூன்று முடி. வலைக் கண்ணில் ஊசியை விட்டு முடியை இழுத்து முடிச்சுப் போட வேண்டும். ஒரு தலை முடிவதற்குள் கழுத்து இற்றுப்போகும். அந்தப் பட்டறையில் அவள் கைக்கு ஒரு மரியாதை இருந்தது. பிறகு கல்யாணம், மகள், பார்லர் என்று வாழ்க்கை வேறு பக்கம் திரும்பிவிட்டது. முடி வெட்டினாள், நிறம் பூசினாள், சுருட்டினாள், நீட்டினாள். யாராவது தலைமுடியைப் பற்றிப் பாராட்டினால், "இதென்ன பிரமாதம், நான் செய்யற விக்கைப் பார்க்கலையே நீங்க" என்பாள். பார்க்கத்தான் யாருக்கும் வழியில்லை.

அவளுக்கு இன்னொரு வழக்கம் இருந்தது. வேலை முடிந்ததும் வாடிக்கையாளருக்குப் பின்பக்கத்தைக் காட்ட வேண்டும். முன்பு ஒரு கைக்கண்ணாடியைப் பிடித்துக் காட்டுவாள். அது விழுந்து உடைந்தபிறகு போனில் ஒரு படம் எடுத்து நீட்ட ஆரம்பித்தாள். அதுவே பழகிவிட்டது. அவள் போனைத் திறந்தால் மனுஷ முகமே கிடையாது, எல்லாம் பின்மண்டை. அந்தப் படங்களைப் பார்த்துத்தான் கல்லூரியில் படிக்கிற மகள், "அம்மா, நம்ம கடைக்கு நெட்ல ஒரு பக்கம் ஆரம்பிக்கலாம். இதையெல்லாம் போட்டாலே ஆள் வரும்" என்றாள். எதிர்ச்சாரியில் கண்ணாடிச் சுவர் போட்டு ஒரு பெரிய கடை வந்திருந்த நேரம் அது. கத்திரியும் சரியென்றாள். ஒரே ஒரு நிபந்தனை. யார் முகமும் தெரியக் கூடாது.

"முகம் தெரியலைன்னா யாருக்கு என்ன நஷ்டம்?" என்று அவளே தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள்.

அடுத்த தெருப் பள்ளிக்கூடத்தில் புவியியல் எடுக்கிற டீச்சர் பல வருஷமாக அவளுடைய வாடிக்கை. இடுப்பைத் தொடுகிற முடி. ஒரு காலையில் கடை திறந்த கையோடு வந்து நின்றாள்.

"அக்கா, கதவைச் சாத்திடுங்க."

"என்ன டீச்சர், என் கடையைக் கொள்ளையடிக்கப் போறீங்களா? இங்க சீப்பைத் தவிர ஒண்ணுமில்ல."

டீச்சர் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள். மார்பில் கட்டி. கெட்ட கட்டிதான். அடுத்த வாரம் மருந்து ஏற்ற ஆரம்பிக்கிறார்கள். முடி மொத்தமும் கொட்டிவிடும். கொட்டுவதற்கு முன்னால் வெட்டி, இதே முடியில் ஒரு விக் செய்து தர முடியுமா?

கத்திரி நாற்காலியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள்.

"வீட்டுக்காரருக்குத் தெரியும். ஸ்கூல்ல தலைமை டீச்சருக்குத் தெரியும். இப்ப உங்களுக்குத் தெரியும். அதோட சரி. எங்கம்மாவுக்கு மட்டும் தெரியவே கூடாது அக்கா."

அம்மா வேறொரு ஊரில் டீச்சரின் தம்பி வீட்டில் இருக்கிறார். அப்பா போனதும் இதே வியாதியில்தான். அவரைத் தூக்கி, துடைத்து, ஊட்டி, அந்த அம்மா பாதி உடம்பாகிப் போனார். மறுபடியும் முதலிலிருந்தா என்றாள் டீச்சர்.

"எல்லாம் முடியட்டும். 'வந்துச்சும்மா, போயிடுச்சும்மா'ன்னு நானே ஒரே மூச்சுல சொல்லிடறேன். அது வரைக்கும் அவங்க நிம்மதியா தூங்கணும். எனக்கு அது ஒண்ணு போதும்."

"இந்தக் கடையை விட்டு ஒரு சொல் வெளியில போகாது டீச்சர். போச்சுன்னா என் நாக்கை நானே நறுக்கிக்கறேன். கத்திரி கையிலதானே இருக்கு?"

வெட்டிக்கொண்டிருக்கும்போது டீச்சர் மணியைப் பார்த்துப் பதறினாள். அம்மா தினமும் கூப்பிடுகிற நேரம். எடுக்காவிட்டால் கலங்கிப்போவார். டீச்சரின் போன் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. கத்திரியின் போனை வாங்கிப் பேசினாள். "நான்தான்ம்மா. பார்லர்ல இருக்கேன். இது பார்லர் அக்கா நம்பர். ஒண்ணுமில்ல, ஓரமா கொஞ்சம் வெட்டிக்கலாம்னு வந்தேன்." குரலில் ஒரு நடுக்கம் இல்லை. அவள் பேசி முடிக்கிறவரை, வெட்டிய பின்னல் மொத்தமும் கத்திரியின் கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

மிச்ச முடியை ஒட்ட வெட்டும்போதுதான் கத்திரி பார்த்தாள். உச்சியில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சுழி. ஒன்று வலமாகச் சுற்றுகிறது, இன்னொன்று இடமாக.

"ரெட்டைச் சுழியா? அதான் இத்தனை பிடிவாதம்!"

"எங்கம்மாவும் இதையேதான் சொல்லித் திட்டுவாங்க. வகிடு நேரா நிக்கவே நிக்காதாம். இப்பவும் வந்தா முதல்ல அங்கதான் பார்ப்பாங்க."

"அப்ப அதையும் வச்சுடுவோம்" என்றாள் கத்திரி.

வைத்தாள். சுழி வைப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. ஒவ்வொரு முடிச்சும் பக்கத்து முடிச்சைவிடக் கொஞ்சம் திரும்பி விழ வேண்டும். ஒன்று தப்பினால் காக்காய் கூடு மாதிரி ஆகிவிடும். டீச்சர் லீவில் இருந்த அந்த நாட்களில், வாடிக்கை இல்லாத மதியங்களில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, கண்ணில் நீர் வழிய வழிய முடிச்சுப் போட்டாள். பிடிக்காமல் அவிழ்த்தாள், மறுபடி போட்டாள். "ஒரு தலைக்கா இந்தப் பாடு?" என்று கேட்ட வீட்டுக்காரருக்கு, "உங்க தலைக்குன்னா சீக்கிரம் முடிஞ்சுடும், வலை மட்டும் போதும்" என்று பதில் கிடைத்தது. அவருக்குக் காதுக்கு மேலே நாலு முடிதான் பாக்கி.

விக்கை வைத்துப் பொருத்திய அன்று, வழக்கம்போலப் பின்னாலிருந்து ஒரு படம் எடுத்து நீட்டினாள். டீச்சர் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கத்திரியின் கையைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"கண்ணுக்குத் தெரியாது டீச்சர். ஆனா கையை மட்டும் வைக்க விடாதீங்க. தொட்டா வலை தட்டுப்படும்."

டீச்சர் போய்விட்டாள். படம் போனில் தங்கிவிட்டது.

அங்கேயே அது இருந்திருக்கலாம். ஆனால் மனுஷ மனசு இருக்கிறதே, அது சும்மா இருக்குமா? கத்திரி தினம் ஒரு தடவை அதை எடுத்துப் பார்ப்பாள். வாழ்நாளில் இதைவிட நல்ல வேலை அவள் கையிலிருந்து வந்ததில்லை. அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் மொத்தமே இரண்டு பேர். ஒருநாள் மகள், "இன்னைக்கு என்னம்மா போடலாம்?" என்று கேட்டபோது, "இதைப் போடு" என்று நீட்டிவிட்டாள்.

"யாரும்மா இது? கேட்டியா அவங்களை?"

"முகமே இல்ல. யாரைக் கேக்கணும்?"

'இது விக் என்றால் நம்புவீர்களா?' என்று எழுதி மகள் போட்டாள். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. பட்டறையில் கூட வேலை பார்த்த பழைய தோழிகளெல்லாம் எங்கெங்கிருந்தோ வந்து இதயம் போட்டார்கள். 'சுழி வச்சிருக்கியேடி, நீ மனுஷியா?' என்று ஒருத்தி எழுதினாள். கத்திரிக்குத் தலைகால் புரியவில்லை. வந்த வார்த்தைக்கெல்லாம் பதிலுக்கு இதயம் போட்டுக்கொண்டே இருந்தாள்.

பேச்சு வாய் வழியாகத்தான் வெளியே போகும் என்று நினைத்துக் காலமெல்லாம் வாயைக் காவல் காத்தவள் அவள். கை வழியாகவும் போகும் என்று அவளுக்கு உறைக்கவே இல்லை.

ஒரு வாரம் போயிருக்கும். முற்பகலில் ஒரு பெரியம்மா கையில் பயணப் பையோடு உள்ளே வந்தார். பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்து, இருந்த ஒரு வாடிக்கை எழுந்து போகும்வரை பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு நாற்காலிக்கு வந்தார்.

"வெட்டணுமாம்மா?"

"ஓரமா கொஞ்சம்."

கத்திரி சீப்பை எடுத்தாள். பெரியம்மா மடியிலிருந்து போனை எடுத்துத் தோளுக்கு மேலே தூக்கிக் காட்டினார். அந்தப் படம்.

"இது நீங்க செஞ்சதா?"

"ஆமாம்மா" என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னவள், கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்த்தாள். டீச்சரின் மூக்கு. டீச்சரின் புருவம். சிரிப்பு அப்படியே உறைந்துபோயிற்று.

"யாருக்குச் செஞ்சீங்க?"

"அது... ஒரு கடைக்கும்மா. பொம்மைத் தலைக்கு."

"பொம்மைக்கு யாராவது ரெட்டைச் சுழி வைப்பாங்களா?"

கத்திரி பெரியம்மாவின் தோளில் இல்லாத முடியைத் தட்டிவிட்டாள்.

பெரியம்மா குரலை உயர்த்தவே இல்லை. "என் மக ஒரு தடவை உங்க நம்பர்லேருந்து பேசினா. அவ போன் கிடைக்கலைன்னா உதவுமேன்னு குறிச்சு வச்சேன். இவங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்களா இருக்கலாம்னு போன் தானா உங்க கடையைக் காட்டுச்சு. மக போற பார்லராச்சேன்னு திறந்தேன். கல்யாணம் ஆகிப் போற வரைக்கும் நான் வாரிவிட்ட தலை அது. முகம் எதுக்கு எனக்கு?"

கத்திரி சீப்பைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தாள்.

"விக்குன்னு எழுதியிருக்கு. அவளுக்கு எதுக்கு விக்கு? அவங்கப்பாவுக்கு வந்ததா?"

"அம்மா, என்னை என்ன வேணா திட்டுங்க. என் வாயால மட்டும் சொல்ல மாட்டேன். சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்."

சொல்லும்போதே தனக்கே வெட்கமாக இருந்தது அவளுக்கு. வாக்காம் வாக்கு! ஊர் முழுக்கக் காட்டிவிட்டு வாக்கு!

பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டார். சத்தமில்லாமல் அழுதார். கத்திரி என்ன செய்வதென்று தெரியாமல், பாதி வாரிய தலையை மறுபடி மறுபடி வாரிக்கொண்டே நின்றாள். ரொம்ப நேரம் கழித்து அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நேரா அவ வீட்டுக்குப் போய் நாலு அறை விடணும்னுதான் கிளம்பி வந்தேன். பஸ்ல வரும்போதுதான் யோசிச்சேன். என்கிட்ட ஏன் மறைக்கிறான்னு எனக்குத் தெரியாதா? நான் தாங்க மாட்டேன்னு நினைக்கிறா. எனக்குத் தெரிஞ்சிடுச்சுன்னா, மருந்தோட சேர்த்து என்னையும் சுமப்பா." பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நான் இப்படியே திரும்பிடறேன். அவ கூப்பிடும்போது வர்றேன். நான் வந்ததும் தெரியக் கூடாது, பார்த்ததும் தெரியக் கூடாது. இதையாவது காப்பாத்துவீங்களா?"

"காப்பாத்தறேம்மா" என்றாள் கத்திரி.

"படத்தை எடுத்துடுங்க. எனக்குத் தெரிஞ்ச மாதிரி வேற யாருக்காவது தெரிஞ்சா?"

அவர் போனதும் கத்திரி கதவைச் சாத்திக்கொண்டு போனில் கடைப் பக்கத்தைத் திறந்தாள். அழிப்பதற்கு முன்னால், சந்தோஷத்தில் மேலோட்டமாகப் பார்த்துவிட்ட வார்த்தைகளையெல்லாம் இப்போது ஒவ்வொன்றாகப் படித்தாள். நடுவில் ஒரு பெண் எழுதியிருந்தாள்: 'எங்க புவியியல் டீச்சர் தலை மாதிரியே இருக்கு. வகுப்புல போர்டுல எழுதும்போது இந்தச் சுழியைத்தான் பார்த்துக்கிட்டிருப்போம்.' அதற்குக் கீழே கத்திரி போட்ட இதயம் சிவப்பாக இருந்தது.

மகளைக் கூப்பிட்டு அழித்தாள். "நாம அழிச்சுட்டோம். ஆனா யார் யார் எடுத்து வச்சிருக்காங்கன்னு நமக்குத் தெரியாதும்மா" என்றாள் மகள். அப்புறம் மெதுவாக, "டீச்சர்கிட்ட சொல்லிடும்மா. தெரியாம போட்டோம், எடுத்துட்டோம்னு" என்றாள்.

"சொன்னா முதல் கேள்வி என்ன கேப்பாங்க? 'யாராவது பார்த்தாங்களா'ன்னு கேப்பாங்க. அதுக்கு என்ன சொல்வே நீ?"

அன்றோடு பார்லர் பக்கத்தில் தலைகள் வருவது நின்றுபோயிற்று. கடை திறக்கிற நேரம், சீப்பு, கத்திரிக்கோல், இவற்றின் படம் மட்டும் வந்தது. ஆள் குறைந்தது. வீட்டுக்காரர்கூட ஒன்றும் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசாமல் வந்து பெஞ்சுக்குக் கட்டை வைத்து அடித்துவிட்டுப் போனார்.

பள்ளி விடுமுறை முடிந்த வாரம் டீச்சர் வந்தாள். இளைத்திருந்தாள், ஆனால் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். விக்கின் ஓரம் ஒரு பக்கம் தளர்ந்திருந்தது, அதைச் சரிசெய்ய வேண்டும்.

"அக்கா, லீவுக்குக் கூப்பிட்டேன், எங்கம்மா வந்து தங்கிட்டுப் போனாங்க!"

"அப்படியா?" என்றாள் கத்திரி. ஊசியில் நூல் ஏறவில்லை.

"ஒண்ணுமே தெரியல அவங்களுக்கு. உடம்பு ஏன் இளைச்சிருக்கேன்னு கேட்டாங்க, ஸ்கூல்ல வேலை அதிகம்னு சொன்னேன். நம்பிட்டாங்க. ஒரு நாள் நான் படுத்திருக்கும்போது பக்கத்துல வந்து உக்காந்து உச்சியில கையை வச்சுட்டாங்க. எனக்கு உயிரே போயிடுச்சு. தடவிக்கிட்டே இருந்தாங்க அக்கா, ரொம்ப நேரம். 'இன்னும் உன் சுழி அடங்கலையேடி'ன்னு சொன்னாங்க. கைக்குக்கூட தட்டுப்படல! தொட்டா தெரியும்னு சொன்னீங்களே, உங்க வேலையைப் பத்தி உங்களுக்கே தெரியல."

கத்திரி குனிந்து தையலைப் பார்த்தாள். தையல் தெரியவில்லை.

"நான் ஒண்ணு யோசிச்சேன்" என்றாள் டீச்சர். "ஆஸ்பத்திரியில என்னை மாதிரி எத்தனை பேர் துணியைச் சுத்திக்கிட்டு வெளியில தலை காட்டாம இருக்காங்க தெரியுமா? இப்படி ஒரு விக் கிடைக்கும்னு அவங்களுக்குத் தெரியணும். இதைப் படம் எடுத்து உங்க பக்கத்துல போடுங்க. முகம் தெரியாம, பின்னாடிலேருந்து. பெத்த தாயே கண்டுபிடிக்கல, வேற யாரு கண்டுபிடிக்கப் போறாங்க?"

"வேணாம் டீச்சர்."

"நானே சொல்றேனே அக்கா. எனக்கு ஆட்சேபணை இல்ல."

"வேணாம்னா விடுங்களேன்!" குரல் கொஞ்சம் உரத்துவிட்டது. டீச்சர் திகைத்துக் கண்ணாடியில் அவளைப் பார்த்தாள். கத்திரி சட்டென்று குரலைத் தாழ்த்தி, "நம்ம கடையில அப்படி யாரையும் போடறதில்ல" என்றாள்.

டீச்சரின் முகம் இளகிவிட்டது. கையைப் பின்னால் நீட்டி, தன் தோளில் இருந்த கத்திரியின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"அதான் அக்கா, அன்னைக்கு வேற யார்கிட்டயும் போகாம உங்ககிட்ட வந்தேன்."

கத்திரி கையை உருவிக்கொள்ளவில்லை. இன்னொரு கையால் சீப்பை எடுத்து, அந்த இரண்டு சுழிக்கும் நடுவில் வகிட்டைச் சரிசெய்தாள்.